பதிமூணு வயசு வரைக்கும் காத்திருக்க சொல்லாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த பல் கேள்வி பதில் பகுதிய படிச்சேன். பத்து வயசு பொண்ணுக்கு மேல் முன்பல்லு எல்லாம் விலகி விரிஞ்சு நிக்குது, க்ளிப் எப்ப போடலாம்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, அதுக்கு எல்லா பால் பல்லும் விழுந்து நிரந்தரப் பல்லு முளைக்கட்டும், 13 வயசுக்கு மேல பாத்துக்கலாம், இப்ப கவலைப்பட ஒண்ணும் இல்லன்னு பதில் போட்டிருந்தீங்க. க்ளிப் போடுறதுக்கு அந்த வயசு சரியா இருக்கலாம், அதுக்குள்ள நான் வரல. ஆனா கோரைப்பல்லு விஷயத்துல மட்டும் அந்த பதில நம்பி மூணு வருஷம் உக்காந்திருந்தா சில பிள்ளைங்களுக்கு பெரிய செலவும் ஆபரேஷனும் வந்து நிக்கும், அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல. திருச்சியில பல்லுக்கு மட்டும் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்குற ஒரு சென்டர்ல டெக்னீஷியனா பல வருஷமா வேலை பாக்குறேன். ரிப்போர்ட் எழுதுறது டாக்டர், படம் எடுக்குறது நான். ஆனா படம் மொதல்ல வந்து விழுறது என் ஸ்க்ரீன்லதான், அதனால எந்த வயசுல வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு மனசுக்குள்ள தோணுறது எனக்குத்தான் முதல்ல தோணும், அத வெளிய சொல்ல எனக்கு உரிமை இல்ல, டாக்டர்கிட்ட கேளுங்கம்மான்னு சொல்லி அனுப்பிடுவேன்.

மேல் கோரைப்பல்லு, அதாவது நம்ம ஊர்ல சிங்கப்பல்லுன்னு ஆசையா சொல்றோமே அந்த பல்லு, பிறந்து நாலஞ்சு மாசத்துலயே எலும்புக்குள்ள உருவாக ஆரம்பிச்சுடும். அது இருக்குற இடம் மூக்குக்கு பக்கத்துல, ரொம்ப மேல. அங்கேருந்து இறங்கி வாய்க்குள்ள எட்டிப் பாக்க பதினொண்ணு, பன்னெண்டு வயசு ஆகும், கீழ் கோரைப்பல்லு ஒம்பது பத்துலயே வந்துடும். வாயில இருக்குற பல்லுலயே ரொம்ப நீளமான பாதை இதோடதுதான். இறங்குற வழியில பக்கத்து சின்ன வெட்டுப்பல்லோட வேர ஒட்டி சறுக்கிட்டே வரும், அப்படி வர்றப்ப அந்த வேர் உள்ள தள்ளப்பட்டு பல்லு வெளிய விரிஞ்ச மாதிரி தெரியும். அந்த அம்மா எழுதுன விரிஞ்ச முன்பல்லு பெரும்பாலும் இதுதான், கோரைப்பல்லு இறங்கி முடிச்சதும் தானா சேர்ந்துக்கும். அதுவரைக்கும் உங்க டாக்டர் சொன்னது சரி.

பிரச்சனை என்னன்னா நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இந்த பல்லு வழி மாறிடும். கடவாய்ல கடைசியா வர்ற ஞானப்பல்லுக்கு அடுத்தபடியா எலும்புக்குள்ள அதிகமா மாட்டிக்கிற பல்லு இதுதான். பசங்களவிட பொண்ணுங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கன்னத்து பக்கம் மாட்டிக்கிறதும் உண்டு, அண்ணத்து பக்கம் சாஞ்சு படுத்துக்கிறதும் உண்டு. கன்னத்து பக்கம் மாட்டுறதுக்கு பெரும்பாலும் இடப் பற்றாக்குறை காரணம். அண்ணத்து பக்கம் போற பல்லுக்கு பாத்தா இடம் தாராளமா இருக்கும், இருந்தும் போயிடும். பக்கத்து சின்ன வெட்டுப்பல்லு குச்சியா இருக்குறவங்க, அந்த பல்லே முளைக்காதவங்க, இவங்களுக்கு அது கூடுதலா நடக்குதுன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. வழிகாட்ட பக்கத்து பல்லோட வேர் சரியா இல்லாததாலன்னு ஒரு கட்சி, குடும்ப மரபணுலயே இருக்குன்னு இன்னொரு கட்சி, ரெண்டு பக்கமும் முப்பது வருஷத்துக்கு மேலயே வாதம் பண்ணிட்டு இருக்காங்க. நமக்கு வேண்டியது என்னன்னா, அக்காவுக்கு இப்படி இருந்தா தங்கச்சிய கொஞ்சம் முன்னாடியே காட்டிடணும், அவ்ளோதான்.

இதுல ரொம்ப கெட்ட விஷயம், வலிக்கவே வலிக்காது. சொத்தையா இருந்தா பிள்ளை ராத்திரி அழும், நம்மளும் காலையில தூக்கிட்டு ஓடுவோம். இது சத்தமில்லாம எலும்புக்குள்ள போய் பக்கத்து பல்லோட வேர்ல முட்டி, அந்த வேர கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும். வெளிய பாத்தா முன்பல்லு முத்து மாதிரி அழகா இருக்கும், ஆடக்கூட ஆடாது, ஸ்கேன்ல பாத்தா வேர் பாதிதான் இருக்கும். ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு இப்படி ஒரு படம் ஸ்க்ரீன்ல வர்றப்ப வெளிய பெஞ்சுல அவங்க அம்மா போன் பாத்துட்டு சாதாரணமா உக்காந்திருப்பாங்க, எனக்குத்தான் வயித்த பிசையும்.

அப்ப பத்து வயசுல என்ன பண்ணணும்? எக்ஸ்ரே கூட வேணாம், முதல்ல ஒரு விரல் போதும். கைய நல்லா கழுவிட்டு பிள்ளையோட மேல் உதட்ட தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேல ஈறு கன்னத்தோட சேர்ற இடம் வரைக்கும் விரல உள்ள விட்டு மெதுவா தடவிப் பாக்கணும். ஒம்பது பத்து வயசுல அங்க புளியங்கொட்டை சைஸுக்கு ஒரு கெட்டியான புடைப்பு தட்டுப்படணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா பல்லு கன்னத்து பக்கமா ஒழுங்கா இறங்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஒம்பது வயசுல தட்டுப்படலன்னா பதறாதீங்க, நேரம் இருக்கு. ஆனா பத்து தாண்டியும் ஒரு பக்கம் இருக்கு ஒரு பக்கம் இல்ல, இல்லன்னா பதினொண்ணு ஆகியும் ரெண்டு பக்கமும் ஒண்ணும் தட்டுப்படல, ஒரு பக்க கோரைப்பல்லு முளைச்சு ஆறு மாசம் ஆகியும் அடுத்த பக்கம் பால் பல்லு கல்லு மாதிரி ஆடாம நிக்குது, இதெல்லாம் பல் டாக்டர்கிட்ட போக வேண்டிய விஷயம். வீட்ல தடவிப் பாக்குறதே முடிவுன்னு எடுத்துக்காதீங்க, பால் பல்லோட வேரும் கொஞ்சம் கீழ புடைப்பா தட்டுப்படும், பழகின கைக்குத்தான் வித்தியாசம் தெரியும். டாக்டர்கிட்ட போனா கோரைப்பல்லு இறங்குதான்னு தடவிப் பாத்து சொல்லுங்கன்னு நீங்களே கேட்டுடுங்க, சொத்தை அடைக்க போன அன்னிக்கே கேட்டா தனியா ஒரு ஃபீஸும் கிடையாது.

டாக்டருக்கு சந்தேகம் வந்தா ஓபிஜி எழுதி எங்கள மாதிரி சென்டருக்கு அனுப்புவாங்க. மேல்தாடை கீழ்தாடை எல்லாம் ஒரே படத்துல விழுற எக்ஸ்ரே அது. பிள்ளைங்கள நிக்க வெச்சு, ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியில இருக்குற பள்ளத்துல முன்பல்ல கடிக்க சொல்லி, உதட்ட மூடி நாக்க அண்ணத்துல ஒட்டிக்க சொல்லுவோம், மிஷின் தலைய சுத்தி வர பதினஞ்சு செகண்டு பக்கம் ஆகும். ஆடாம நிக்கணும், எச்சி முழுங்கக் கூடாது. இதுல எங்களுக்கு ஓயாத சண்டை தோடு கழட்டுறதுலதான். காது குத்துனதுலேருந்து கழட்டல, திருகாணி இறுகிடுச்சு, அப்படியே எடுத்துடு சிஸ்டர்னு சொல்லுவாங்க. கழட்டலன்னா அந்த தோடோட நிழல் எதிர்ப் பக்கத்துல மங்கலா வந்து விழுந்து படத்தையே கெடுத்துடும், மூக்குத்தின்னா இன்னும் மோசம், நாம பாக்க வேண்டிய மேல் முன்பல்லு ஏரியாவுலயே வெள்ளைப் பொட்டா உக்காந்துக்கும். தயவு செஞ்சு வீட்லயே கழட்டிட்டு வாங்க. கதிர்வீச்சு பத்தி நிறைய பேர் பயப்படுறாங்க, ஒரு ஓபிஜில வர்றது நாம சும்மா ஊர்ல நடமாடுறப்பவே இயற்கையா மண்ணுலேருந்தும் வானத்துலேருந்தும் சில நாள்ல வாங்குற அளவுதான். தேவையில்லாம எடுக்கக் கூடாது, தேவைப்பட்டா பயந்து தள்ளிப் போடவும் கூடாது.

ஓபிஜில பல்லு எங்க படுத்திருக்குன்னு தெரிஞ்சுடும், ஆனா அது முன்னாடியா பின்னாடியா, கன்னத்து பக்கமா அண்ணத்து பக்கமான்னு அந்த ஒரு படத்த மட்டும் வெச்சு அடிச்சு சொல்ல முடியாது. அண்ணத்து பக்கம் இருக்குற பல்லு அடுத்த பக்கத்து பல்ல விட பெருசா தெரியும், அது ஒரு குறிப்பு மட்டும்தான். எந்த பக்கம்னு கண்டுபுடிக்க பழைய காலத்துலேருந்து ஒரு வழி இருக்கு, 1910 வாக்குல கிளார்க்னு ஒருத்தர் சொன்னது, ரெண்டு சின்ன ஃபிலிம் எடுக்குறது, ரெண்டாவது எடுக்குறப்ப ட்யூப கொஞ்சம் பக்கவாட்டுல நகத்துறது. உங்களுக்கே செஞ்சு பாக்கலாம், ரெண்டு விரல ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா கண்ணுக்கு முன்னாடி பிடிச்சு, ஒரு கண்ண மூடிட்டு தலைய வலது பக்கம் நகத்துங்க, தூரத்துல இருக்குற விரலும் உங்க கூடவே வலது பக்கம் வர்ற மாதிரி தெரியும், கிட்ட இருக்குறது எதிர்ப்பக்கம் போகும். அதே மாதிரி ட்யூப் நகந்த பக்கமே பல்லும் நகந்தா அது அண்ணத்து பக்கம் இருக்கு, எதிர்ப்பக்கம் நகந்தா கன்னத்து பக்கம். ரெண்டு ஃபிலிம், சில நூறு ரூபாய்ல முடிஞ்சு போற வேலை.

இப்ப என்ன ஆகுதுன்னா எடுத்த எடுப்புலயே எல்லாரையும் சிபிசிடி, அதாவது பல்லையும் எலும்பையும் முப்பரிமாணத்துல காட்டுற ஸ்கேன், எடுக்க அனுப்புறாங்க. ஆயிரக்கணக்குல பணம், கதிர்வீச்சும் ஓபிஜியவிட கூடுதல். எங்க சென்டருக்கு அதுல வருமானம், என் சம்பளமும் அதுலேருந்துதான், இருந்தாலும் சொல்றேன், பத்து வயசு பிள்ளைக்கு பல்லு லேசா சாஞ்சிருக்குறத பாக்க சிபிசிடி எல்லா நேரமும் தேவைப்படாது. பக்கத்து பல்லோட வேர் கரைஞ்சிருக்கான்னு சந்தேகம் இருந்தாலோ, ஆபரேஷன் பண்ணப் போற டாக்டருக்கு எந்த பக்கம் திறக்கணும்னு துல்லியமா தெரியணும்னாலோ அப்ப அதுதான் சரியான கருவி, வேர் கரைஞ்சிருக்குறது சாதா எக்ஸ்ரேல தெரியலன்னாலும் அதுல பளிச்சுன்னு தெரியும். எதுக்காக எழுதுறீங்க, இத வெச்சு சிகிச்சையில என்ன மாறப் போகுதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்க.

சரி, பத்து பதினொண்ணு வயசுல பல்லு அண்ணத்து பக்கம் போகுதுன்னு கண்டுபுடிச்சாச்சு, அப்புறம் என்ன? பெரும்பாலும் முதல் சிகிச்சை அந்த பால் கோரைப்பல்ல எடுத்துடுறது. அவ்ளோதான், ஒரு ஊசி, ஒரு பல்லு, பத்து நிமிஷம். 1988-ல சுவீடன்ல எரிக்சன், குரோல்னு ரெண்டு டாக்டருங்க 10 வயசுலேருந்து 13 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இப்படி பால் பல்ல எடுத்துட்டு கூடவே எக்ஸ்ரே எடுத்து பாத்தாங்க, 46 கோரைப்பல்லுல 36 சரியான பாதைக்கு திரும்பிடுச்சு. அதுலயும் கோரைப்பல்லு பக்கத்து சின்ன வெட்டுப்பல்லோட நடுக்கோட்ட தாண்டாம இருந்தப்ப நூத்துக்கு 91, தாண்டிப் போயிருந்தப்ப 64. பிற்பாடு 2015-ல அதே நாட்டுல கோதன்பர்க்ல பல்லு எடுத்த பக்கத்தையும் எடுக்காம விட்ட பக்கத்தையும் ஒப்பிட்டு பாத்தப்ப எடுத்த பக்கம் 69 சதவீதம் தானா முளைச்சிருக்கு, எடுக்காத பக்கம் 39 சதவீதம். அதாவது ஒண்ணும் பண்ணாம விட்டாலும் சிலது வந்துடும்னு ஒத்துக்கணும், ஆனா வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுதே. பால் பல்லு எடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னும் நினைக்கக் கூடாது, இடம் பத்தலன்னா இடம் பண்ணணும், ஆறு மாசம் ஒரு வருஷத்துல மறுபடி எக்ஸ்ரே எடுத்து பல்லு திரும்புதான்னு பாக்கணும், திரும்பலன்னா காத்திருக்காம அடுத்த வழிக்கு போகணும்.

இங்கதான் வீட்டுப் பெரியவங்க உள்ள வருவாங்க. விழாத பல்ல ஏன்டி புடுங்குற, அது பாட்டுக்கு இருக்கட்டும், சிங்கப்பல்லு வந்தா அதிர்ஷ்டம்னு ஆயா சொல்லுவாங்க, அப்பாவும் ஃபீஸ் மிச்சம்னு அதுக்கு தலையாட்டுவாரு. சிங்கப்பல்லு ஈறுல மேல எட்டிப் பாத்தாச்சுன்னா அது வெளிய வந்த பல்லு, அழகுன்னு வெச்சுக்கறதும் க்ளிப் போட்டு இறக்கிக்கறதும் அவங்க அவங்க இஷ்டம். நான் சொல்றது வெளிய வராமயே உள்ள படுத்துக்கிற பல்ல பத்தி, அதுல அதிர்ஷ்டம் ஒண்ணும் கிடையாது ஆயா.

இத விட்டுட்டு பதினஞ்சு பதினாறு வயசுல வந்தா என்ன ஆகும்னு சொல்றேன். முழு க்ளிப் போட்டு கோரைப்பல்லுக்கு இடம் பண்ணணும், அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு ஈற திறந்து, பல்ல மூடியிருக்குற எலும்ப எடுத்து, பல்லு மேல ஒரு சின்ன பட்டன் ஒட்டி, அதுல குட்டி தங்க செயின் மாட்டி ஈறுக்கு வெளிய கொண்டு வந்து க்ளிப் கம்பியோட கட்டிடுவாங்க. இல்லன்னா அண்ணத்துல ஜன்னல் மாதிரி வெட்டி திறந்தே விட்டு மருந்து வெச்சு பல்லு கீழ இறங்க விடுவாங்க. ரெண்டு முறையும் பலன்ல பெருசா வித்தியாசம் இல்லன்னு ஆய்வுகள தொகுத்து பாத்தவங்க சொல்லிருக்காங்க, எது செய்யணும்கிறது பல்லு எவ்ளோ ஆழத்துல இருக்குங்கறத பொறுத்தது. செயின மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குவாங்க, ரொம்ப லேசாத்தான் இழுக்கணும், அவசரப்பட்டா பல்லுக்கும் பக்கத்து வேருக்கும் கேடு. பல்லு வரிசைக்கு வந்து எல்லாம் முடிய ஒன்னரை ரெண்டு வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும். பத்தாவது, ப்ளஸ் டூ பரீட்சைக்கு நடுவுல இந்த அலைச்சல நினைச்சு பாருங்க. இருந்தாலும் அந்த வயசுல செஞ்சா பல்லு வந்துடும், அதனால ஏற்கனவே லேட்டானவங்க இத படிச்சு மனசு விட்டுடாதீங்க.

கல்யாண வயசுல வர்றவங்க கதை வேற. 2003-ல இஸ்ரேல்ல பெக்கர், சௌஷுன்னு ரெண்டு பேர் வெளியிட்ட கணக்குல, சராசரியா 29 வயசு இருந்த பெரியவங்களுக்கு 23 கோரைப்பல்லுல 16 தான் இழுக்க முடிஞ்சிருக்கு, ஒப்பிட்டு பாத்த சின்ன வயசுக்காரங்களுக்கு எல்லாமே வந்திருக்கு. வயசு ஆக ஆக பல்லு எலும்போட ஒட்டிக்க வாய்ப்பு ஜாஸ்தி, அப்படி ஒட்டிக்கிட்டா எவ்ளோ இழுத்தாலும் அது வராது, பக்கத்து நல்ல பல்லுங்கதான் அத நோக்கி போகும். சமீபத்துல ஒரு பொண்ணு வந்துச்சு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், நிச்சயதார்த்தம் முடிஞ்சிருந்துது. ஒரு பல்லு மட்டும் குட்டையா மஞ்சளா இருக்குன்னு எங்கயோ ஒரு க்ளினிக்ல போய் எக்ஸ்ரேவே எடுக்காம புடுங்கிட்டாங்க, கேட்டா கீழேருந்து புதுசு வந்துடும்னு சொல்லி அனுப்பிருக்காங்க. புடுங்குனது அவ்ளோ வருஷமா தாக்குப்புடிச்சிருந்த பால் கோரைப்பல்லு. எங்ககிட்ட வந்து ஓபிஜி எடுத்தா நிரந்தரப் பல்லு மூக்குக்கு அடியில படுக்கை வசமா கிடக்குது, அது எங்கேருந்து தானா வரும். வேர் நல்லா இருந்தா பால் பல்லு முப்பது நாப்பது வயசு வரைக்கும் கூட ஓடும், பெரியவங்களுக்கு அத எடுக்குறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாக்காம கை வெக்கவே கூடாது. பத்து வயசுல எடு, இருபத்தஞ்சுல எடுக்காதன்னு நான் மாத்தி மாத்தி பேசுறேன்னு நினைக்காதீங்க, உள்ள இருக்குற பல்லுக்கு வேர் வளர்ந்துட்டு இருக்குற வயசுலதான் திரும்புற தெம்பு இருக்கும், பால் பல்ல எடுக்குற பலன் எல்லாம் அப்பத்தான்.

பெரியவங்களுக்கு உள்ள கிடக்குற பல்லால ஒரு தொந்தரவும் இல்லன்னா அப்படியே விட்டுட்டு அப்பப்ப எக்ஸ்ரே எடுத்து கவனிக்கறதும் ஒரு வழிதான், நிறைய டாக்டருங்க அதத்தான் சொல்லுவாங்க. பல்லோட தலைய சுத்தி நீர்க்கட்டி வருதா, பக்கத்து வேர் கரையுதான்னு பாத்துட்டே இருக்கணும், நல்லாத்தான் இருக்குன்னு பத்து வருஷம் மறந்துட கூடாது.

உங்க பேப்பர் மூலமா கேக்குறது ஒண்ணுதான். 2013-லேருந்து மத்திய அரசோட சிறார் நலத் திட்டத்துல பள்ளிக்கூடத்துக்கு வண்டியில டாக்டர் டீம் வந்து 18 வயசு வரைக்கும் பிள்ளைங்கள பாக்குறாங்க, அந்த பட்டியல்ல பல்லும் இருக்கு. வாய திறக்க சொல்லி டார்ச் அடிச்சு சொத்தை இருக்கான்னு பாக்குறப்ப அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் கூடவே உதட்ட தூக்கி ஒரு விரல் தடவல சேத்துக்கிட்டா ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம் கூட ஆகாது, க்ளவுஸ் எப்படியும் மாத்தித்தான் ஆகணும், தனி கருவி ஒண்ணும் வேணாம். சந்தேகம் வந்தா அனுப்ப இடமும் இருக்கு, சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, எங்க பக்கம் புதுக்கோட்டையிலயே 2023-ல ஒண்ணு திறந்திருக்காங்க. தனியார்ல க்ளிப்புக்கு கட்ட முடியாதவங்களுக்கு அது பெரிய விஷயம். அரசு ஆஸ்பத்திரியில இதுக்கு யார பாக்கணும்னு அடுத்த வார கேள்வி பதில்ல நீங்க விசாரிச்சு போட்டா நிறைய பேருக்கு உதவும், அந்த பத்து வயசு பொண்ணோட அம்மாவுக்கும் ஒரு வரி சேத்து போடுங்க, க்ளிப் அப்புறம், முதல்ல தடவிப் பாக்க சொல்லுங்கன்னு.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. எடுத்த எக்ஸ்ரேய தூக்கி போட்டுடாதீங்க, போன வருஷ படத்தையும் இந்த வருஷ படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாத்தான் பல்லு திரும்புதா, இன்னும் தப்பான பக்கமே போகுதான்னு டாக்டருக்கு தெரியும். ஃபிலிம் மடங்கிடுச்சு, எலி கடிச்சிடுச்சுன்னு வர்றவங்க நிறைய, இப்பல்லாம் வாட்ஸ்அப்லயே அனுப்பிடுறோம், அத போன் மாத்துறப்ப தொலைச்சுட்டு வர்றாங்க, அதனால மெயில்ல அனுப்ப சொல்லி வாங்கி வெச்சுக்கோங்க.

இப்படிக்கு,
பல் எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருத்தி,
திருச்சி